ஆரியசாலையில் அடுக்குமாடி: வாசல் எங்கே?

ஆரியசாலையிலோ வலியசாலையிலோ பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்ததும், பக்கத்து வீட்டார் முதலில் கேட்பது விலையை அல்ல. வாங்குகிறவர் குடியிருக்க வருகிறாரா, இடித்துக் கட்ட வருகிறாரா என்றுதான் கேட்கிறார்கள். ஒரு வீட்டோடு அடுத்த வீடும் அதற்கடுத்த வீடும் சேர்ந்தால் அடுக்குமாடி எழும்ப இடம் கிடைத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது.

இது பற்றி நம்மவர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உள்ளன. அடுக்குமாடி வந்தால் தெரு போய்விடும், ஆகவே கூடாது என்பது ஒன்று. லிஃப்டும் கார் நிறுத்த இடமும் இல்லாத வீட்டில் இனி யார் இருப்பார்கள் என்பது மற்றொன்று. இரு தரப்பாரும் மாடிகளையே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நான்கா, எட்டா என்பதோடு வாதம் நின்றுவிடுகிறது. உயரம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் ஆரியசாலை போன்ற ஓரிடத்தில் ஒரு கட்டடம் தெருவோடு ஒட்டுமா, ஒட்டாதா என்பது தரையிலிருந்து முதல் பத்து அடிக்குள் தீர்மானமாகிவிடுகிறது என்பது நம் கருத்து. அந்தப் பத்து அடியில் என்ன இருக்கப்போகிறது என்று கேட்பவர்கள்தான் குறைவாக இருக்கிறார்கள்.

தெரு உண்டான விதம்

கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைவீதி, திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கியது. கிள்ளியாற்றையும் கரமனை ஆற்றையும் கடந்து நாகர்கோவில் பக்கம் போகும் வழியோடு அது இணைந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் பாண்டி நாட்டிலிருந்தும் வண்டிகளில் சரக்கு வந்தது. சரக்கோடு மனிதர்களும் வந்தார்கள். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்து நடுவில் எல்லைக்கோடு விழுந்த பிறகும் அந்த வரத்து நிற்கவில்லை. பக்கத்து வலியசாலையின் அக்கிரகாரம் அதற்கும் பழைய உறவைச் சேர்ந்தது. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி சொல்லும் காந்தளூர்ச் சாலையை வலியசாலைக் கோயிலோடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. அந்த ஆராய்ச்சி இங்கு வேண்டாம்.

நமக்கு வேண்டியது அந்தத் தெருக்களின் வீட்டு அமைப்பு. முகப்பு குறுகியது, உள்ளே நீளம் அதிகம். இரண்டு வீடுகளுக்கு இடையில் சந்து கிடையாது. ஒரே சுவர் இருவருக்கும் பொது, அல்லது சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். கடைவீதியில் முன்னால் கடை, பின்னாலோ மாடியிலோ குடித்தனம். அக்கிரகாரத்தில் கடையின் இடத்தில் திண்ணை. பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க வழியில்லாததால் வெளிச்சமும் காற்றும் நடு முற்றத்தின் வழியாக இறங்கின. மழைத் தண்ணீரும் அங்கேயே விழுந்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. முகப்பு குறுகலாக இருந்தால் ஒரே நீளத் தெருவில் அதிகம் பேருக்கு வாசல் கிடைக்கும். வியாபாரிக்கு வாசல்தான் மூலதனம். நூறு அடி நீளத்தில் ஐந்து ஆறு வாசல்கள் இருந்தால் ஐந்து ஆறு குடும்பங்கள் பிழைக்கும். வெளியே ஒரு சத்தம் கேட்டால் ஐந்து ஆறு தலைகள் எட்டிப் பார்க்கும். அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் 1961-இல் நகரங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தெருவுக்குப் பாதுகாப்பு தருவது போலீஸ் மட்டுமல்ல, தெருவைப் பார்த்தபடி இருக்கும் கடைக்காரர்களின், வீட்டுக்காரர்களின் கண்கள்தான் என்று அதில் வாதாடினார். உலகம் முழுவதும் கட்டடக் கலை மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். சாலைக் கடைவீதியில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இதைச் சொல்லித்தரப் புத்தகம் தேவைப்படவில்லை.

ஏன் விற்கிறார்கள்?

இவ்வளவு நல்ல வீட்டை ஏன் விற்க வேண்டும்? பேராசை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது நியாயமாகாது. கேரளத்தில் 1975-ஆம் ஆண்டின் இந்துக் கூட்டுக்குடும்ப முறை ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அன்று கூட்டுக் குடும்பமாக இருந்த சொத்தெல்லாம், பாகம் பிரித்துக்கொண்டது போலவே ஆளுக்கு ஒரு தனிப் பங்காகக் கருதப்பட்டது. அதன் பின் இரண்டு தலைமுறை வந்தாயிற்று. 2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம், 2005-ஆம் ஆண்டின் மத்திய வாரிசுரிமைத் திருத்தத்துக்கு முரணான அளவில் இந்த மாநிலச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றும், பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் சம பங்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. பெண்களுக்கு நியாயம் கிடைத்தது நல்லதே. நடைமுறையில் பார்த்தால், பதினெட்டு அடி முகப்புள்ள வீட்டுக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் பாத்தியதைக்காரர்கள்.

பதினெட்டு அடியை எட்டாகப் பிரிக்க முடியாது. ஒருவர் மற்றவர் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். அல்லது விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டாவது வழியே சௌகரியம். ஊரிலேயே இருக்கும் வயதானவர்களுக்கு மரப்படி ஏற முடியவில்லை. ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. இந்த நிலையில் கட்டுமானக்காரர் வந்து, நிலத்தைக் கொடுங்கள், ஆளுக்கு ஒரு பிளாட் தருகிறேன் என்றால், அண்ணன் தம்பி தகராறு தீர்ந்து பழைய இடத்திலேயே எல்லோரும் இருக்கலாம் என்று தோன்றுவது இயற்கை. 1983-ஆம் ஆண்டின் கேரள அடுக்குமாடி உடைமைச் சட்டம், பிளாட்டைத் தனியாகவும் நிலத்தையும் பொது இடங்களையும் பிரிக்கப்படாத பங்காகவும் வைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறது. பாகம் பிரிக்க முடியாத வீட்டைப் பாகம் பிரிக்க இது ஒரு கௌரவமான வழி. ஆகவே அடுக்குமாடியே கூடாது என்ற வாதத்தை நாம் ஏற்கவில்லை.

சந்தில் போகும் நிலம்

சங்கடம் வரைபடத்தில் ஆரம்பிக்கிறது. அடுக்குமாடி என்றால் நாலு பக்கமும் இடம் விட்டு நடுவில் தனியாக நிற்கும் கட்டடம் என்ற எண்ணம் விதிகளிலும் இருக்கிறது, கட்டுகிறவர் மனத்திலும் இருக்கிறது. கவடியார் பக்கத்துப் பெரிய வளாகங்களுக்கு அது பொருந்தும். ஆரியசாலையில் என்ன ஆகும்?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 18 அடி முகப்பும் 90 அடி நீளமும் உள்ள மூன்று வீடுகளை ஒருவர் சேர்த்து வாங்குகிறார். மொத்தம் 54 அடிக்கு 90 அடி. 4,860 சதுர அடி. சுமார் 11 சென்ட். கட்டடத்தின் உயரத்தைப் பொறுத்து விடவேண்டிய இடைவெளி மாறும். இரு பக்கமும் ஆறரை அடி என்று வைத்துக்கொள்வோம். 90 அடி நீளத்துக்கு இரண்டு சந்துகள்: 1,170 சதுர அடி. நிலத்தில் ஏறக்குறைய கால் பாகம். அந்தக் கால் பாகத்தில் வெயில் விழாது, குழந்தை விளையாடாது. கழிவுக் குழாயும் ஏ.சி. இயந்திரமும் பூனைகளும் குடியிருக்கும். இரு பக்கத்திலும் வரிசையாக ஒட்டியிருந்த தெருச் சுவரில் பல் விழுந்தது போல இடைவெளி தெரியும்.

அதே 1,170 சதுர அடியை ஒன்றாகச் சேர்த்து நடுவில் வைத்தால் 26 அடிக்கு 45 அடி முற்றம் கிடைக்கும். கல்யாணத்துக்குப் பந்தல் போடும் அளவு. முன்னாலும் பின்னாலும் இரு பக்கமும் வீடுகள், எல்லா வீட்டுக்கும் முற்றத்தைப் பார்த்து ஜன்னல், பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டி நிற்கும். இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. நம் தாத்தா வீட்டையே பெருக்கிப் போட்ட கணக்கு.

இப்படிக் கட்ட விதி இடம் கொடுக்குமா என்று கேட்கலாம். 2019-ஆம் ஆண்டின் கேரள நகராட்சிக் கட்டட விதிகள் சிறு மனைகளையும், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளையும் தனியாகக் கவனித்து, சில சலுகைகள் தருகின்றன. மூன்று வீடுகளைச் சேர்த்து நான்கு மாடி கட்டும்போது அந்தச் சலுகைகள் கைகொடுப்பதில்லை. இடைவெளி விதிகள் வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிடவும் கூடாது. தீ பிடித்தால் வண்டி வர வேண்டும், ஏணி சாத்த வேண்டும், காற்று ஓட வேண்டும். ரசாயனமும் பிளாஸ்டிக்கும் துணியும் குவிந்து கிடக்கும் கடைவீதியில் அந்தப் பயம் நியாயமான பயம். நாம் சொல்வது இவ்வளவே: பக்கத்தில் விடும் ஆறரை அடிச் சந்தில் தீயணைப்பு வண்டி நுழையாது. முற்றத்துக்கு நேராக முன்பக்கம் ஒரு அகலமான வழி விட்டால் நுழையும். எதற்காக இடம் விடச் சொல்கிறோம் என்று பார்த்து எங்கே விடுவது என்று தீர்மானிக்க, பழைய தெருக்களுக்குத் தனி விதி எழுதுவது மாநகராட்சிக்கும் மாநில அரசுக்கும் முடியாத காரியமல்ல.

தூண்களும் கார்களும்

சந்தைவிடப் பெரிய கெடுதல் கீழ்த்தளத்தில் நடக்கிறது. ஒரு காரை நிறுத்தவும் திருப்பவும் சேர்த்துச் சுமார் 250 சதுர அடி வேண்டும். பன்னிரண்டு கார் என்றால் 3,000 சதுர அடி. நம் உதாரண மனையில் சந்துகளும் படிக்கட்டும் போக எஞ்சியது ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே கீழ்த்தளம் முழுவதும் தூண்களும் கார்களும். முன்னால் இரும்புக் கதவு, அதன் அருகே ஒரு காவல்காரர். முன்பு மூன்று வாசல்களும் மூன்று கடைகளும் இருந்த இடத்தில் இப்போது ஒரு கதவு, அதுவும் சாத்தியிருக்கும். மேலே இருப்பவர் காரில் இறங்கிக் காரில் ஏறுவார். எதிர்க் கடைக்காரருக்கு அவர் முகம் தெரியாது.

கீழ்த்தளம் காலியாக இருப்பதே தப்பு என்றும் சொல்வதற்கில்லை. சிங்கப்பூரில் உறவினர் உள்ளவர்கள் பார்த்திருப்பார்கள். அங்கே 1960-இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகள் பலவற்றில் கீழ்த்தளத்தைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். ஆனால் அது பொது இடம். மலாய்க்காரர் கல்யாணம் அங்கே நடக்கும். சீனர் வீட்டுச் சாவும் அங்கேயே. கார்களுக்கு வேறிடம். அதே சிங்கப்பூரில், தமிழர் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியாவை 1989-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்து, கீழே கடையும் மேலே வீடுமான பழைய வரிசைகளையும், கடைக்கு முன்னால் மழை நனையாமல் நடக்கும் ஐந்தடி நடைவழியையும் காப்பாற்றினார்கள். அந்த நடைவழி 1822-இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் போட்டபோதே விதியாக வந்தது. நிலத்துக்கு அவ்வளவு விலை உள்ள ஊரிலேயே இது முடிந்திருக்கிறது.

இங்கு இத்தனை கார் நிறுத்த இடம் அவசியமா என்பதையும் கேட்க வேண்டும். ஆரியசாலையிலிருந்து தம்பானூர் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் நடக்கும் தூரம். கிழக்குக் கோட்டை பஸ் நிறுத்தமும் அப்படியே. காய்கறி, அரிசி, மருந்து, துணி, பாத்திரம் எல்லாம் வாசலில். நகரிலேயே கார் இல்லாமல் வாழ மிகவும் சௌகரியமான இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். புறநகருக்கும் இதற்கும் ஒரே அளவுகோல் வைத்து, வீட்டுக் கணக்கில் கார் இடம் கேட்டால், கடைக்கு இருக்க வேண்டிய இடத்தைக் கார் எடுத்துக்கொள்ளும்.

கூப்பிடு தூரத்தில் ஒரு பாடம்

சுற்றுப்புறத்தோடு ஒட்டும் அடுக்குமாடி எப்படியிருக்கும் என்று பார்க்கச் சிங்கப்பூர் வரை போக வேண்டாம். ஆரியசாலைக்கும் அட்டக்குளங்கரைக்கும் அருகில் கரிமடம் காலனி இருக்கிறது. நகரின் பழைய சேரிகளில் ஒன்று. 2005 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின் கீழ், ஏழைகளுக்கான அடிப்படை வசதிப் பிரிவில், இங்கே மாடி வீடுகள் கட்டப்பட்டன. வடிவமைத்தது காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பு. முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனோன், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் ஆகியோர் முன்னின்று 1985-இல் உண்டாக்கியது அது.

பேக்கரைத் திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1917-இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் பிறந்து, இந்தியப் பிரஜையாகி, 2007 ஏப்ரல் 1-இல் இந்த நகரிலேயே காலமானார். தம்பானூரில் சுருள் சுருளாக மேலேறும் இந்தியன் காபி ஹவுஸில் காபி குடித்தவர்கள் அவர் கைவேலையை அறிவார்கள். செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டு அவர் கட்டிய எலிப்பொறிக் கட்டுச் சுவரில் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சம்; வெயிலும் உள்ளே இறங்காது. ஜன்னலுக்குப் பதில் செங்கல் இடைவெளிகளாலான ஜாலி வைத்தால் காற்று வரும், திருடன் வரமாட்டான். சிக்கனத்தை அவர் அழகாக்கினார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கரிமடத்தில் பார்க்க வேண்டியது சிக்கனமும் அழகும் மட்டுமல்ல.

அந்தத் திட்டத்தின் விதிப்படி ஒரு வீடு 25 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. அதாவது சுமார் 270 சதுர அடி. சின்ன வீடு. 270 சதுர அடியில் ஒரு குடும்பம் வாழ வேண்டுமானால் வீட்டின் பாதி வெளியே இருந்தாக வேண்டும்: துணி உலர்த்த, மாவாட்ட, குழந்தையைத் தூங்கவைக்க, மாலையில் நாலு பேர் பேச. செங்கல் கட்டடங்கள் தாழ்வாக, படிக்கட்டில் ஏறிப் போகும் உயரத்தில், இடையில் திறந்த வெளி விட்டு நிற்கின்றன. மாடியில் இருப்பவர் கீழே இருப்பவரைக் கூப்பிட்டுப் பேசலாம்.

இதைவிட முக்கியமானது, அவர்களை வேறு எங்கும் அனுப்பவில்லை என்பது. சாலைக் கடைவீதியில் சுமை தூக்குகிறவர், கடையில் நிற்கிறவர், வீட்டு வேலைக்குப் போகிறவர் எல்லோருக்கும் வேலை அங்கிருந்து நடக்கும் தூரத்தில். சென்னையில் 2000-க்குப் பிறகு நடந்ததை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். கூவம் கரையிலும் மற்ற இடங்களிலும் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். வீடு கிடைத்தது, வேலைக்குப் போகும் தூரம் இருபது கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. பஸ் செலவு கட்டுப்படியாகாமல் வேலையை விட்ட பெண்கள் பற்றி அப்போதே நிறைய எழுதப்பட்டது.

கரிமடத்தில் எல்லாம் சரி என்று நாம் சான்றிதழ் கொடுக்கவில்லை. பணம் வருவதும் நிற்பதுமாகப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கட்டி முடித்த பின் பராமரிப்பது யார் என்ற கேள்வி எல்லா அரசுக் குடியிருப்பையும் போல அங்கும் உண்டு. ஆனாலும் ஏழைகளுக்காகக் கட்டியவர்கள் யோசித்த விஷயத்தை, ஒரு பிளாட்டுக்குப் பல லட்சம் வாங்குகிறவர்கள் யோசிப்பதில்லை என்பது வேடிக்கைதான்.

தண்ணீர்க் கணக்கு

கட்டடம் தெருவோடு ஒட்டினால் போதாது; தெருவுக்கு அடியில் இருப்பதோடும் ஒட்ட வேண்டும். நம் உதாரண மனையில் முன்பு மூன்று வீடுகளில் பதினைந்து பேர் இருந்தார்கள் என்று வைப்போம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கு வகுத்த கணக்கு. ஆக 2,025 லிட்டர். அங்கே இருபது பிளாட் வந்து, பிளாட்டுக்கு நான்கு பேர் என்றால் 10,800 லிட்டர். ஐந்து மடங்குக்கும் மேல். தண்ணீர் வந்த வழியே கழிவாக வெளியேறவும் வேண்டும். முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10 கோடியே 70 லட்சம் லிட்டர் சுத்திகரிக்கக்கூடிய நிலையம் இருப்பது உண்மை. அங்கே போய்ச் சேரும் வரை உள்ள குழாய்கள் இந்த ஐந்து மடங்கை நினைத்துப் போட்டவை அல்ல.

மழை பெய்தால் தம்பானூரும் கிழக்குக் கோட்டையும் என்ன கதிக்கு ஆளாகும் என்று வாசகர்களுக்குத் தெரியும். 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் ஓடைகளின் மேல் இருந்த ஆக்கிரமிப்புகளை அகற்றி வழி திறந்தார்கள். பிறகும் 2023 அக்டோபர் மழையில் நகரின் பல பகுதிகள் மூழ்கின. 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை எடுக்க இறங்கிய தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். இரண்டு நாள் கழித்தே உடல் கிடைத்தது. இப்படிப்பட்ட பகுதியில் காருக்காகப் பூமிக்கடியில் தளம் தோண்டுவது, பணம் கொடுத்துக் குளம் வாங்குவதுதான். 2004 முதல் மழைநீர் சேகரிப்பு கேரளத்தில் புதுக் கட்டடங்களுக்கு விதி. விதிக்காக மூலையில் ஒரு தொட்டி வைப்பது வேறு. மண் தரையோடு கூடிய முற்றத்தில் கூரைத் தண்ணீர் இறங்குவது வேறு. முழு மனையையும் சிமெண்ட் பூசி அடைத்தால் அந்தத் தண்ணீர் தெருவுக்குத்தான் வரும். தாழ்ந்த பழைய வீட்டின் திண்ணைக்குள்தான் முதலில் ஏறும்.

சாவும் திருவிழாவும்

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, சொல்லாமலும் முடியாது. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் உடலை எங்கே கிடத்துவது? லிஃப்டில் எப்படி இறக்குவது? வருகிறவர்கள் எங்கே உட்காருவது? பிளாட் விளம்பரங்களில் நீச்சல் குளம் இருக்கிறது, உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது, இது இல்லை. கொடியடுப்பில் பொங்கல் வைக்க, மார்கழியில் கோலம் போட, வாசலில் பந்தல்கால் நட இடம் வேண்டும் என்று கேட்பது பழைய பஞ்சாங்கம் ஆகாது. முற்றம் ஒன்று இருந்தால் இவ்வளவும் அதில் நடக்கும்.

நவராத்திரியில் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் கரமனை வழியாக நகருக்குள் வருவது ஆண்டுதோறும் நடக்கிறது. சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்கும், நங்கை செந்திட்டைக்கும் போக, குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலில் தங்கி, விஜயதசமியன்று பூஜப்புரைக்கு எழுந்தருள்கிறார். குமரி மாவட்டம் மாநிலம் மாறிய பிறகும் மாறாத வழக்கம் இது. எழுந்தருளும்போது தெருவில் விளக்கேற்றித் தட்டு எடுப்பவர்கள் வாசல் உள்ளவர்கள். வாசலில் கார் நிற்கும் வீட்டார் மேலிருந்து செல்போனில் படம் எடுக்கலாம்.

கையெழுத்துப் போடும் முன்

விதி மாறும்வரை காத்திருக்க நிலம் விற்கிறவருக்கு நேரம் இருக்காது. ஆனால் பேரம் பேசும் பலம் முழுவதும் அவரிடம் இருப்பது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் வரைதான். அதுவரை எத்தனை சதுர அடி, எத்தனை பிளாட் என்றே பேசிவிட்டு, கீழ்த்தளத்தைக் கட்டுகிறவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள். தெருவைப் பார்த்த முன் இருபதடியில் கடைகள்தான் வரும், நடுவில் முற்றம் உண்டு, அது எல்லோருக்கும் பொது, பின்னால் கார் இடமாக விற்கக்கூடாது என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வரைபடம் ஒப்பந்தத்தோடு பதிவாக வேண்டும்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணுகிறவர்கள் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒருமுறை படிக்க வேண்டும். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ பதிவு கட்டாயமில்லை என்று அதன் 3-ஆம் பிரிவு சொல்கிறது. நம் உதாரணத்தின் 4,860 சதுர அடி என்பது சுமார் 451 சதுர மீட்டர். பழைய தெருவில் இரண்டு மூன்று வீடுகளைச் சேர்த்துக் கட்டும் திட்டங்கள் இப்படி வலைக்கு வெளியே நழுவ இடமிருக்கிறது.

கடைசியாக, வாடகைக் கடைக்காரர்கள். ஆரியசாலையிலும் சாலையிலும் தமிழர் கடைகளில் எத்தனையோ கடைகள் சொந்தக் கட்டடத்தில் இல்லை. 1965-ஆம் ஆண்டின் கேரளக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 11-ஆம் பிரிவில், இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக வாடகைதாரரைக் காலி செய்ய வைக்க உடைமையாளருக்கு வழி கொடுக்கிறது. அதோடு ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறது: அப்படி வெளியேறிய வாடகைதாரருக்கு, புதுக் கட்டடத்தில் நியாய வாடகைக்கு இடம் பெறும் முதல் உரிமை உண்டு. நாற்பது வருஷம் அரிசி விற்றவருக்கு இது பெரிய உரிமை. ஆனால் புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தூணும் காரும் மட்டும் இருந்தால், அந்த உரிமையை எந்த மாடியில் போய்க் கேட்பார்? நான்காவது மாடியில் அரிசிக்கடை வைக்க முடியாது. காலி செய்ய நோட்டீஸ் வந்தவர்கள் இழப்பீட்டுத் தொகையைப் பற்றிப் பேசுமுன், மாநகராட்சியில் கொடுத்திருக்கும் வரைபடத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கி, அதில் கீழ்த்தளத்தில் கடை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.